தொலைதூரக் கல்வியும் வாட்ஸ்அப் குழுக்களும்: செஞ்சி வட்டாரத்தை முன்வைத்து

செஞ்சிக் கோட்டை 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. மராத்தியர்களின் ராணுவ நிலவெளி என்று தொகுக்கப்பட்ட 12 கோட்டைகளில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது இது ஒன்றுதான். கோட்டையைப் பற்றி எழுதுவதற்கு ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். இந்தக் கட்டுரை, அந்த மலைகளின் அடிவாரத்தில் கடையிலும் வயலிலும் அலுவலகத்திலும் வேலை பார்த்துக்கொண்டே பட்டம் படிப்பவர்களைப் பற்றியது. ஊர்ப்பேச்சில் சொன்னால், ‘கரஸ்’ஸில் படிப்பவர்கள்.

செஞ்சிக்கு ரயில் கிடையாது. கிழக்கே திண்டிவனம், மேற்கே திருவண்ணாமலை, தெற்கே விழுப்புரம் என்று மூன்று ஊர்களும் ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர் தொலைவுக்குள் இருக்கின்றன. தொடர்பு வகுப்பு, தேர்வு, சான்றிதழ் என்று எதற்குப் போவதானாலும் பஸ்தான். வளத்தி, அனந்தபுரம், மேல்மலையனூர்ப் பக்கத்துக் கிராமத்தில் இருப்பவர் முதலில் செஞ்சிக்கு வந்து, அங்கிருந்து இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வகுப்பு என்றால் கூலிக்காரருக்கு ஒரு நாள் கூலி போகும். கைக்குழந்தைக்காரிக்குப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். செஞ்சி அடங்கிய, அப்போது பிரிக்கப்படாத விழுப்புரம் மாவட்டத்தின் எழுத்தறிவு 2011 கணக்கெடுப்பில் 72 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. மாநிலச் சராசரியோ 80. இப்படிப்பட்ட மாவட்டத்தில், முதல் தலைமுறையாகப் பட்டத்துக்குப் பதிவு செய்யும் ஒருவருக்கு வீட்டில் சந்தேகம் கேட்க ஆள் இருக்காது. தபாலில் வந்த பாடப்புத்தகக் கட்டும் கையிலுள்ள போனும்தான் அவருக்குப் பல்கலைக்கழகம்.

எத்தனை பேரைப் பற்றிப் பேசுகிறோம்? 2021–22ஆம் ஆண்டுக்கான அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி நாட்டில் உயர்கல்வி படித்தவர்கள் சுமார் 4.33 கோடி. அவர்களில் 45 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் தொலைதூரக் கல்வியில் இருந்தவர்கள். ஏறத்தாழப் பத்தில் ஒருவர். அவர்களுக்கான துணை ஏற்பாடுகளைப் பற்றி நாம் பேசுவது மிகக் குறைவு.

இந்தியாவில் அஞ்சல் வழிப் பட்டப் படிப்பை 1962இல் டெல்லிப் பல்கலைக்கழகம் தொடங்கியது. தமிழ்நாட்டில் மதுரைப் பல்கலைக்கழகம் 1971இலும், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979இலும், சென்னைப் பல்கலைக்கழகம் 1981இலும் இத்துறையில் இறங்கின. 1985இல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் (இக்னோ), 2002இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம். கடல் தாண்டினால், இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் 1980இல் தொடங்கி யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் மையங்களை வைத்திருக்கிறது. அரை நூற்றாண்டில் லட்சக்கணக்கானோருக்குப் பட்டம் கிடைத்திருக்கிறது. எழுத்தர், ஆசிரியர், காவலர் எனப் பதவி உயர்வு பெற்ற எத்தனையோ குடும்பங்களின் கதைக்குப் பின்னால் ஒரு தபால் கட்டு இருக்கிறது. அதை யாரும் குறைத்துப் பேசக் கூடாது.

ஆனால் அந்த ஏற்பாட்டில் தொடக்கத்திலிருந்தே ஒரு குறை உண்டு. புத்தகம் வரும், கேள்வி கேட்டால் பதில் வராது. வந்தாலும் தேர்வு முடிந்து வரும். தொலைதூரக் கல்வியை ஆராய்ந்தவர்களில் முக்கியமானவரான மைக்கேல் மூர் இதைத்தான் தம் கோட்பாட்டின் மையத்தில் வைத்தார். ஆசிரியருக்கும் மாணவருக்கும் நடுவிலுள்ள தூரத்தைக் கிலோமீட்டரால் அளக்க முடியாது என்பது அவர் வாதம். இருவருக்கும் இடையில் உரையாடல் எவ்வளவு நடக்கிறது, பாடம் மாணவரின் தேவைக்கேற்ப எவ்வளவு வளைந்துகொடுக்கிறது, மாணவர் தானாகப் படிக்கும் திறனை எவ்வளவு பெற்றிருக்கிறார் என்ற மூன்றையும் பொறுத்தே தூரம் கூடும், குறையும். ஸ்வீடன் அறிஞர் பொர்யே ஹோல்ம்பெர்க் ஒரு படி மேலே போய், பாடப்புத்தகமே மாணவரோடு பேசுவது போல எழுதப்பட வேண்டும் என்றார். பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1971இல் பாடம் நடத்தத் தொடங்கியபோதே, ஒவ்வொரு மாணவருக்கும் இன்னார்தான் உன் ஆசிரியர் என்று ஒருவரைக் காட்டியது. நம் நாட்டில் அந்த இடத்தை வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் கொடுத்தோம். ஞான தர்ஷன் அலைவரிசை 2000இல் வந்தது. கல்விக்கென்றே எஜுசாட் செயற்கைக்கோள் 2004இல் ஏவப்பட்டது. பெரும் முயற்சிகள்தான். என்றாலும் பேசுகிறவர் ஒரு பக்கம், கேட்கிறவர் ஒரு பக்கம் என்ற நிலை பெரிதாக மாறவில்லை.

2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை சரிந்த பிறகுதான் நிலைமை மாறியது. வாட்ஸ்அப் 2009இலிருந்தே இருந்தாலும், செஞ்சி போன்ற ஊர்களில் அது வீட்டுப் பொருளானது அதற்குப் பிறகுதான். குழுவில் 100 பேர் என்றிருந்த வரம்பு 2016இல் 256 ஆகி, 2022இல் 512 ஆகி, அதே ஆண்டின் இறுதிக்குள் 1,024 ஆனது. டெலிகிராமில் ஒரு குழுவில் 2 லட்சம் பேர் வரை இருக்கலாம். கொரோனா காலத்தில் வகுப்பறைகள் மூடப்பட்டபோது, நேரடிக் கல்லூரிகளே இந்தக் குழுக்களை நம்பித்தான் ஓடின. தொலைதூர மாணவர்களோ அதற்கு முன்பே தங்களுக்குள் குழு அமைத்துக்கொண்டு விட்டார்கள். யாரும் சொல்லிக்கொடுத்துச் செய்ததல்ல அது.

இன்று இந்தக் குழுக்கள் மூன்று வகை. முதல் வகை, பல்கலைக்கழகமோ அதன் கற்போர் உதவி மையமோ நடத்துவது. இதில் பெரும்பாலும் அட்மின் மட்டுமே பதிவிட முடியும். கட்டணத்துக்குக் கடைசி நாள், ஹால் டிக்கெட் இணைப்பு, விடுமுறை அறிவிப்பு ஆகியவை வரும். இரண்டாம் வகை, சேர்க்கை பிடித்துக்கொடுக்கும் தனியார் நடத்துவது. மூன்றாம் வகை, மாணவர்களே நடத்துவது. படிப்பு நடப்பது இந்த மூன்றாவதில்தான் என்பது என் கணிப்பு. அதனால் அதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம்.

பகலில் இந்தக் குழு அமைதியாக இருக்கும். இரவு ஒன்பது மணிக்குமேல் கடை சாத்தியவர்களும் பிள்ளைகளைத் தூங்கவைத்தவர்களும் ஒவ்வொருவராக வருவார்கள். இக்னோவில் படிக்கும் ஒரு பெண் கேட்பாள்: “அக்கா, அசைன்மென்ட் கையால எழுதணுமா, டைப் பண்ணலாமா?” மூன்றாம் ஆண்டில் இருக்கும் இன்னொருவர் பதில் போடுவார்: “கையாலதாம்மா. ஏ4 பேப்பர்ல எழுது. முதல் பக்கத்துல எனரோல்மென்ட் நம்பர் போட மறந்துடாத. கொடுக்கறதுக்கு முன்னாடி எல்லாப் பக்கத்தையும் போட்டோ எடுத்து வச்சுக்கோ.” இந்தக் கடைசி வரி எந்தக் கையேட்டிலும் கொட்டை எழுத்தில் இருக்காது. கொடுத்த அசைன்மென்ட் பதிவாகாமல் போய், மீண்டும் எழுதியவரின் அனுபவத்திலிருந்து வரும் வரி அது. பெரும்பாலான இக்னோ படிப்புகளில் அசைன்மென்டுக்கு 30 விழுக்காடு மதிப்பு உண்டு. ஒரு போட்டோ காப்பாற்றுவது ஓர் ஆண்டை.

பாடமும் இப்படித்தான் நடக்கிறது. பொருளியலில் ‘தேவை நெகிழ்ச்சி’ புரியவில்லை என்று ஒருவர் எழுதுகிறார். மளிகைக் கடையில் வேலை பார்க்கும் இன்னொருவர் முக்கால் நிமிட வாய்ஸ் நோட்டில் சொல்கிறார்: அரிசி விலை ஏறினாலும் வாங்காமல் இருக்க மாட்டோம், கொஞ்சம் மட்டமான ரகத்துக்கு வேண்டுமானால் மாறுவோம், தங்கம் விலை ஏறினால் அடுத்த மாதம் பார்க்கலாம் என்று தள்ளிப்போடுவோம், விலை மாறும்போது வாங்குவது எவ்வளவு மாறுகிறதோ அதுதான் நெகிழ்ச்சி. பாடநூலில் இரண்டு பக்கத்துக்கு வரும் விளக்கத்தில் கிடைக்காத பிடி இதில் கிடைத்து விடுகிறது. எழுதத் தயங்குகிறவர்கள் பேசத் தயங்குவதில்லை. தமிழில் டைப் செய்ய வராதவருக்கும் மைக் பொத்தானை அழுத்தத் தெரியும். வேண்டியபோது திரும்பக் கேட்டுக்கொள்ளலாம். சிக்னல் இல்லாத ஊர்க்காரர் டவர் கிடைக்கும் இடத்தில் இறக்கிவைத்துக்கொண்டு பிறகு கேட்கலாம். நேரலை வகுப்பில் இந்த வசதிகள் எதுவும் இல்லை. வாய்ஸ் நோட்டைத் தொலைதூரக் கல்வியின் முதன்மையான கருவியாகப் பல்கலைக்கழகங்கள் இன்னும் எண்ணிப் பார்க்காதது எனக்கு வருத்தம் தருகிறது.

உலக ஆய்வுகள் என்ன சொல்கின்றன? தென்னாப்பிரிக்கத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஒன்றில் வாட்ஸ்அப் வழியாகப் பாடம் பேசியதைப் பற்றிப் பேஷண்ட் ராம்பே, ஆரோன் பெரே இருவரும் 2013இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வகுப்பில் வாய் திறக்காத மாணவர்கள் குழுவில் பேசினார்கள், பங்கேற்பு கூடியது. அதே ஆய்வில் இன்னொரு செய்தியும் உண்டு. வயதில் மூத்த மாணவர்கள் சிலருக்கு, வேலை நேரம் முடிந்த பிறகும் படிப்புப் பேச்சு வீட்டுக்குள் நுழைவது பிடிக்கவில்லை. தொலைதூரக் கல்வியில் பெரும்பாலோர் குடும்பஸ்தர்கள் என்பதால், ஆய்வின் இந்தப் பாதிதான் நமக்கு அதிகம் பொருந்துகிறது. இரவு பத்தரைக்கு போன் ஒலித்தால் யார் பேசுவது என்று கேட்கும் வீடுகள் நம்மிடம் உண்டு.

போட்ஸ்வானாவில் 2020இல் பள்ளிகள் மூடியிருந்தபோது நடந்த சோதனை இன்னும் தெளிவானது. பல்கலைக்கழக மாணவர்களைப் பற்றியதல்ல, தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளின் கணக்குப் பாடத்தைப் பற்றியது; இருந்தாலும் அதன் பாடம் நமக்குப் பயன்படும். சுமார் 4,500 குடும்பங்களில் ஒரு பகுதிக்கு வாராவாரம் குறுஞ்செய்தி மட்டும் போனது. இன்னொரு பகுதிக்குக் குறுஞ்செய்தியோடு ஆசிரியரின் போன் அழைப்பும் போனது. செய்தி மட்டும் பெற்ற பிள்ளைகளிடம் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் தென்படவில்லை. ஆசிரியர் கால் மணி நேரம் பேசிய பிள்ளைகளிடம் முன்னேற்றம் இருந்தது. பின்னர் இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் இதே முறையைச் சோதித்தபோதும், போன் அழைப்புக்கே வலு அதிகம் என்று தெரிந்தது.

அமெரிக்காவிலிருந்து இரண்டு அனுபவங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்க்க வேண்டும். ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகம் 2016இல், இடம் கிடைத்தும் சேராமல் நழுவிவிடும் மாணவர்களுக்காக ‘பவுன்ஸ்’ என்ற தானியங்கிச் செய்தியாளரை அமைத்தது. அந்தக் கோடையில் இரண்டு லட்சத்துக்கும் அதிகமான கேள்விகளுக்கு அது பதில் சொன்னது. நழுவுகிறவர்களின் எண்ணிக்கை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. இதற்கு நேர்மாறாக, கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கச் சொல்லி 8 லட்சத்துக்கும் அதிகமானோருக்கு நாடு தழுவி அனுப்பிய நினைவூட்டல்களால் எந்தப் பயனும் விளையவில்லை என்று 2021இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. முதலாவதில், அனுப்பியது மாணவர் சேரவிருந்த அதே பல்கலைக்கழகம். இவர் எந்தப் படிவத்தை இன்னும் முடிக்கவில்லை என்று அதற்குத் தெரியும். கேட்டால் பதிலும் வரும். இரண்டாவதில், எங்கிருந்தோ எல்லோருக்கும் பொதுவாக ஒரு செய்தி வந்தது.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் எனக்குக் கிடைக்கும் முடிவு இதுதான்: தன்னைத் தெரிந்த ஒருவர், தன் கேள்விக்கு, நேரத்துக்குப் பதில் சொன்னால் மாணவர் படிப்பில் நிற்கிறார். எந்தச் செயலி என்பது இரண்டாம்பட்சம். அறிவிப்பை மட்டும் கொட்டும் குழு, அலுவலக வாசல் பலகையைப் போனுக்குள் கொண்டுவந்ததற்கு மேல் ஒன்றும் செய்வதில்லை.

குழுக்களால் வரும் கேடுகளையும் சொல்லியாக வேண்டும். மிகப் பெரியது வதந்தி. எல்லாக் குழுக்களிலும் ஓயாமல் வரும் கேள்வி, “இந்த டிகிரி செல்லுமா?” என்பது. கேள்வி நியாயமானது; பதில் சிக்கலானது. பள்ளிப் படிப்பு, இளநிலைப் பட்டம் என்ற படிகளைத் தாண்டாமல் திறந்தநிலையில் நேரடியாகப் பெற்ற முதுகலைப் பட்டம் அரசுப் பணிக்கு ஏற்றதல்ல என்ற நிலைப்பாட்டை உச்ச நீதிமன்றம் 2009இல் ஏற்றது. பல்கலைக்கழக மானியக் குழுவோ (யு.ஜி.சி.), அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் தொலைதூர முறையில் பெறும் பட்டம் நேரடிக் கல்லூரிப் பட்டத்துக்குச் சமம் என்று, 2020 விதிமுறைகளின் 22ஆம் பிரிவைக் காட்டி 2022 செப்டம்பரில் அறிவித்தது. இரண்டும் உண்மை, இரண்டும் வெவ்வேறு நிலைமைகளுக்குப் பொருந்துகின்றன. குழுவில் ஒருவர் முதலாவதின் செய்தித்தாள் துண்டைப் போடுவார், இன்னொருவர் இரண்டாவதின் படத்தைப் போடுவார். விளக்கிச் சொல்ல ஆளில்லாவிட்டால், பயந்துபோய்ப் படிப்பை விடுபவர்களும் இருப்பார்கள், தகுதியில்லாத படிப்பில் பணத்தைக் கட்டுபவர்களும் இருப்பார்கள். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தொலைதூரப் படிப்புகளுக்கு 2014–15 வரைதான் அங்கீகாரம் என்று யு.ஜி.சி. 2022 மார்ச்சில் அறிவித்தபோது, அதில் படித்துக்கொண்டிருந்தவர்களுக்கு உடனடியாகத் தேவைப்பட்டது பொறுப்பான ஒருவரின் தெளிவான விளக்கம். அப்படிப்பட்ட நாளில் குழு முழுவதும் ஃபார்வேர்டுகளாக நிரம்பினால் யாருக்கும் நன்மையில்லை.

2024 முதல் தொலைதூரப் படிப்பில் சேர யு.ஜி.சி.யின் ‘டெப் ஐடி’ (தொலைநிலைக் கல்விப் பிரிவின் அடையாள எண்) கட்டாயம். அதற்கு முன்னால் ‘ஏபிசி ஐடி’ (கல்விக் கிரெடிட் வங்கியின் எண்) வேண்டும். அதற்கு ஆதாரோடு இணைந்த போன் எண் வேண்டும். இதையெல்லாம் தானே செய்ய முடியாதவர் யாரிடமாவது உதவி கேட்டு, ஆதார் படத்தையும் ஓடிபியையும் குழுவிலேயே அனுப்பிவிடுகிறார். இரண்டாம் வகைக் குழுக்களின் ஆபத்து இங்கேதான். 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. அந்தச் சட்டத்தை அறியாதவரின் ஆதார் எண், நூற்றுக்கணக்கான போன்களில் கிடக்கிறது.

பெண்களின் சிக்கல் தனி. வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்த கணமே போன் எண் எல்லோருக்கும் தெரிந்து விடும். படிப்புச் சந்தேகம் என்று தொடங்கி வேறெங்கோ போகும் தனிச் செய்திகளுக்குப் பயந்து, கேள்வி கேட்காமலேயே இருந்துவிடும் பெண்கள் உண்டு. கணவரின் எண்ணைக் கொடுத்துச் சேருபவர்களும் உண்டு. அப்படிச் சேருபவர் தன் கேள்வியைத் தானே கேட்க முடியாது. டெலிகிராமில் எண்ணை மறைக்க முடியும். ஆனால் அது எல்லோர் போனிலும் இருப்பதில்லை. வீட்டில் ஒரே ஸ்மார்ட்போன், அதுவும் அண்ணனிடம் என்றால், எந்தச் செயலியும் பயனில்லை. 2024 ஜூலையில் நிறுவனங்கள் ரீசார்ஜ் கட்டணத்தை ஏற்றியது வேறு.

காசுக்கு விற்கும் அசைன்மென்ட் விடைகளும் குழுக்களில்தான் சுற்றுகின்றன. கண்டிக்க வேண்டியதுதான். ஆனால் தன் பதிலைப் படித்து, இங்கே தப்பு, இங்கே சரி என்று ஒரு வரி எழுதித் தரும் ஆசிரியர் கிடைக்காத இடத்தில், அசைன்மென்ட் வெறும் சடங்காகிவிடுகிறது. சடங்கை முடிக்க யாரும் குறுக்குவழி தேடுவார்கள். ஆள் பற்றாக்குறைக்குத் தானியங்கிச் செயலிகளைக் காட்டி, 2024இலிருந்து வாட்ஸ்அப்பிலேயே ஏஐ இருக்கிறதே என்பவர்களும் உண்டு. பாடத்தில் ஒரு பத்தியைப் புரிந்துகொள்ள அது உதவலாம். கடைசி நாள், தகுதி, அங்கீகாரம் போன்றவற்றை அதனிடம் கேட்டு முடிவெடுப்பது ஆபத்து.

பல்கலைக்கழகங்கள் செய்யக்கூடியவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. ஆயிரம் பேர் குழு வேண்டாம். பாடத்துக்கு முப்பது நாற்பது பேர், ஒரே வட்டாரத்துக்காரர்கள் போதும். செஞ்சி, மேல்மலையனூர்ப் பக்கம் இருப்பவர்களை ஒன்றாகச் சேர்த்தால், தேர்வுக்குப் போகும்போது பஸ்ஸில் ஒருவருக்கொருவர் துணையும் கிடைக்கும். ஒவ்வொரு குழுவுக்கும் பெயர் தெரிந்த ஓர் ஆசிரியர் வேண்டும். வாரத்தில் இரண்டு மாலை, குறித்த நேரத்தில் அவர் பதில் சொல்ல வேண்டும். மற்ற நேரத்தில் அவரை யாரும் தொந்தரவு செய்யக் கூடாது. இந்த வேலைக்கு ஊதியம் தர வேண்டும். தொடர்பு வகுப்பு எடுக்கும் கௌரவ விரிவுரையாளர்களின் தலையில் இதையும் இலவசமாகச் சுமத்தினால், நல்ல ஆசிரியரும் ஒரு மாதத்தில் ஓய்ந்து போவார். பெண்களுக்குத் தனிக் குழு, பெண் ஆசிரியர் என்று கேட்பவர்களுக்கு அதைத் தர வேண்டும். அசைன்மென்ட் கொடுக்காதவர், ஹால் டிக்கெட் எடுக்காதவர் யார் என்பது பல்கலைக்கழகத்தின் கணினிக்குத் தெரியும். அவர்களுக்கு மட்டும் ஒருவர் போன் செய்து என்ன ஆயிற்று என்று கேட்டால், பாதியில் நிற்பவர்களில் பலர் மீண்டும் வருவார்கள். போன் அழைப்பின் வலுவைப் போட்ஸ்வானாவிலும் பார்த்தோம்.

அதே சமயம், அதிகாரபூர்வமான எந்த அறிவிப்பும் வாட்ஸ்அப்பில் மட்டும் இருக்கக் கூடாது. இணையதளத்திலும் எஸ்எம்எஸ்ஸிலும் வர வேண்டும். சாதாரண போன் வைத்திருப்பவருக்கும் சேர வேண்டும்.

மாணவர்களே நடத்தும் குழுக்களைப் பல்கலைக்கழகம் கையகப்படுத்தவும் வேண்டாம், கண்காணிக்கவும் வேண்டாம். அங்கே இருக்கும் அக்காக்களையும் அண்ணன்களையும் அடையாளம் கண்டு, சரியான தகவலை முதலில் அவர்களிடம் சேர்த்தால் போதும். சம்பளமில்லாமல் ஆண்டுக்கணக்கில் அவர்கள் செய்யும் வேலைக்கு ஒரு சான்றிதழாவது கொடுக்கலாம்.

செஞ்சிப் பக்கத்திலிருந்து இந்த ஆண்டு தொலைதூரப் படிப்பில் சேர நினைப்பவர்களுக்கு: பணம் கட்டுவதற்கு முன்னால், அந்தப் பல்கலைக்கழகத்துக்கும் அந்தக் குறிப்பிட்ட படிப்புக்கும் இந்த ஆண்டு அங்கீகாரம் உண்டா என்று யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவின் இணையதளத்தில் நீங்களே பாருங்கள். பார்க்கத் தெரியாவிட்டால் பள்ளி ஆசிரியர் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு பாருங்கள். ஆதார் எண்ணையும் ஓடிபியையும் எந்தக் குழுவிலும் போடாதீர்கள். சேர்ந்த பிறகு, எங்கள் பாடத்துக்குப் பதில் சொல்லும் ஆசிரியர் யார், எந்த நேரத்தில் கேட்கலாம் என்று உதவி மையத்தில் எழுத்துமூலம் கேளுங்கள். நீங்கள் கட்டிய கட்டணத்தில் அதைக் கேட்கும் உரிமையும் சேர்ந்தே இருக்கிறது.